மலைக்குப் போற எடை

படுத்தாச்சு. இனி நாலு மணி நேரத்துக்கு இந்த எடது கை என்னோடது இல்ல, மெஷினோடது. நர்ஸ் ரெஜினா பொண்ணு ரெண்டு ஊசியையும் ஏத்தி பிளாஸ்திரி ஒட்டி, "கைய மடக்காதீங்கண்ணா, மடக்குனா இது கத்தும்"னு எப்பவும் சொல்றதச் சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருச்சு. கத்துனா கத்தட்டும். வீட்டுல புள்ளைங்க ரெண்டும் கத்தறத விடவா. இந்நேரம் ஹால்ல டென்ட்ட விரிச்சு, ஒரு பக்கத்துக் கயித்தக் கட்டில் கால்லயும் இன்னொரு பக்கத்துக் கயித்த ஃபிரிட்ஜ் கைப்பிடியிலயும் கட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கும். டென்ட்டு வந்ததுல இருந்து சின்னவன் தருணு அதுக்குள்ளதான் தூங்கறான், வீட்டுப்பாடமும் அதுக்குள்ளதான், சோத்துத் தட்டையும் உள்ளயே நீட்டச் சொல்றான். ஃபிரிட்ஜத் தொறக்கணும்னா மொதல்ல அவன் வீட்ட இடிக்கணும். நாளைக்குக் காலைல மொத பஸ்ஸு. கொல்லிமலை. நான், என் வீட்டுக்காரி வசந்தாமணி, ஆறாவது படிக்கிற பிரணிதா, ரெண்டாவது படிக்கிற தருணு. ஒரு ராத்திரி டென்ட்டுல படுத்துட்டு திங்கக்கிழமை சாயங்காலம் கீழ எறங்கிறணும், ஏன்னா செவ்வாக்கிழமை மறுபடி இங்க வரணும். கிட்னி ரெண்டும் வேலைநிறுத்தம் பண்ணி ரெண்டு வருஷமாச்சு, இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தைக்கு வரல. செவ்வா, வியாழன், சனின்னு என் ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடறாங்க. சனிக்கும் செவ்வாக்கும் நடுவுலதான் கொஞ்சம் நீளமா எடம் கெடைக்குது. நீளமா இருக்கறதுனால அதுலதான் ஆபத்தும் ஜாஸ்தி. மத்த ஜனங்க லீவு எப்பன்னு காலண்டர்ல செவப்பப் பாப்பாங்க. நான் இந்த ட்யூப்புல பாக்கறேன்.

தொடைல ஆணி குத்துது. திரும்பிப் படுக்க முடியாது, கை அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு இருக்குது. குத்தட்டும், நானே வெச்சதுதான். டென்ட்டுக் கூட வந்த ஆணி தலைக்கு மாட்டற ஊசியாட்டம் இருந்துச்சு. மலைக் காத்துக்கு அது நிக்காதுன்னு நான் வேலை பாக்கற லாரி எடை மேடைக்குப் பக்கத்துல இருக்கிற வெல்டிங் பட்டறைல கம்பித் துண்ட வளைச்சு, முனையத் தீட்டி, புதுசா ஒரு செட்டு அடிச்சு வாங்கினேன். வரும்போது அத ஒரு துண்டுல சுத்தி பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். போட்டுக்கிட்டே இங்க வந்து எடை பாக்கற மெஷின்ல ஏறி நின்னேன். இப்படிப்பட்டவன எனக்கு நல்லாத் தெரியும். வருஷக்கணக்கா எடை மேடைல உக்காந்து இந்த மாதிரி ஆளப் புடிக்கறதுதான் என் பொழப்பு. ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லுக்கு லாரில குச்சிக்கிழங்கு லோடு வரும். லோடு எடை போடறப்போ கிளீனர் பையன் கேபின்ல மல்லாக்கப் படுத்துக்குவான். கெழங்கக் கொட்டிட்டு காலி எடைக்கு வர்றப்போ அவன் டீக்கடைல நிப்பான். அவன் எடையும் கெழங்குக் கணக்குல சேந்துரும். நான் கேபின் கதவத் தட்டி, "கெழங்கு தூங்குனது போதும், எறங்கு"ம்பேன். டிரைவர் சிரிப்பான், கிளீனர் எறங்குவான், யாருக்கும் கோவம் கெடையாது. இங்க எனக்கும் ஒரு காலி எடை வெச்சிருக்காங்க. தண்ணி பூரா எடுத்தப்புறம் நான் எவ்வளவு இருக்கணுமோ அதுதான் அது. வந்து ஏறி நின்னா அதுக்கு மேல என்ன காட்டுதோ அத்தனையும் தண்ணின்னு வெச்சு, மெஷின் உறிஞ்சிரும். இன்னைக்கு அது ஆணியையும் தண்ணின்னு நம்பி உறிஞ்சிக்கிட்டு இருக்குது. ரெஜினா கேபின் கதவத் தட்டல. "என்னண்ணா, இந்த ரெண்டு நாள்ல இவ்ளோ ஏறிருக்கு, ஊறுகா சாப்புட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னு தலைய ஆட்டினேன்.

எதுக்கு இந்தத் திருட்டுன்னா, ரெண்டு டம்ளர் காப்பித்தண்ணிக்கு. கேட்டா சிரிப்பாங்க, அதான் யாருகிட்டயும் சொல்லல. கூட உறிஞ்சிட்டா ஒடம்புல கொஞ்சம் எடம் காலியா இருக்கும், அத மலைல நெரப்பிக்கலாம்னு கணக்கு. மலைல காலைல பனி எறங்கி நிக்கும், நாங்க தங்கப் போற தோட்டக்காரன் சின்னான் பொஞ்சாதி மிளகு தட்டிப் போட்டு காப்பி வெப்பா, நாலு டம்ளர்ல ஊத்துவா. அப்ப தருணு என் டம்ளரப் பாத்து, "அப்பா, உனக்கு முடிஞ்சிருச்சு"ன்னு சொல்லக் கூடாது. அவன்தான் எங்க வீட்டுத் தண்ணி போலீசு. ஒரு நாளைக்கு எனக்கு அளந்து வெச்ச பாட்டல் ஒண்ணு உண்டு. அதுக்குக் காவல் அவனே போட்டுக்கிட்டது, யாரும் போடல. மோர் ஊத்தினா கணக்கு, ரசம் ஊத்தினா கணக்கு. ஒரு நாள் நான் மூஞ்சி கழுவறப்போ கூடவே வந்து நின்னு, "வாய மூடிக்கிட்டுக் கழுவு"ன்னான். நைட் ஸ்கூல்ல பத்தாவது படிக்கறப்போ சயின்ஸ் வாத்தியாரு ஒரு உருளைக்கெழங்கக் கொடஞ்சு, உள்ள உப்பப் போட்டு, தண்ணித் தட்டுல வெச்சுக் காட்டுனாரு. பகல் பூரா லோடு எடை போட்டுட்டு வந்து தூங்கி வழிஞ்சுக்கிட்டுப் பாத்தேன். தண்ணி தானா உள்ள ஏறி நின்னுச்சு. சவ்வூடு பரவல். பரீட்சைல படம் வரைஞ்சு பாகங்களக் குறின்னு கேட்டிருந்தான், முழு மார்க்கு வாங்கினேன். வாழ்க்கைல எதுக்குடா ஆகப் போகுது இதுன்னு அப்ப நெனச்சது. இப்ப அந்த ஒத்தக் கேள்வியோட பதில்ல உசுரோட இருக்கேன். உருளைக்கெழங்குதான் நான்னு அன்னைக்கு வாத்தியாரு சொல்லல.

"என்ன செங்கோடா, மூட்டை கட்டியாச்சா?" பக்கத்துக் கட்டில்ல கோழிப்பண்ணை குமாரசாமி. எனக்கு முன்னால இருந்து இந்த மெஷின்ல படுக்கறவரு, அந்தப் பெருமை அவருக்கு உண்டு. கட்டியாச்சுங்கண்ணான்னேன். "தண்ணி குடிக்கக் கூடாதவன் அருவிக்குப் போறான். சர்க்கரை வியாதிக்காரன் மிட்டாய்க்கடை வெச்ச மாதிரி." அருவிக்குப் போகலீங்கண்ணா, சின்னான் தோட்டத்துல படுக்கறோம், அவ்வளவுதான். "அங்க திங்கறதுக்கு என்ன கெடைக்கும் உனக்கு?" அதயும் யோசிச்சுப் பாத்தாச்சு. கொல்லிமலைல வெளையறதுல எனக்கு ஆகாதது எதுன்னு பாத்தா எல்லாமே ஆகாது. மலைவாழை ஆகாது, பலா ஆகாது, அன்னாசி ஆகாது. ஆகறது காத்து மட்டும்தான், அதயும் அளவா இழுக்கச் சொல்லுவாங்களோ என்னமோ. குமாரசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு, அவரு மெஷின் கத்துச்சு. ரெஜினா ஓடி வந்து, "ரெண்டு பேரும் வாய மூடறீங்களா, இல்ல கட்டில மாத்தட்டுமா?"ன்னுச்சு. சின்னான் எங்க எடை மேடைக்கு மிளகு லோடு கொண்டு வர்றப்போ எனக்குப் பழக்கம். தோட்டத்துல பாறைக்கு இந்தப் பக்கம் சமமா ஒரு எடம் இருக்குது, டென்ட்டு போட்டுக்கோங்க, ராத்திரி நெருப்பு மூட்டித் தர்றேன்னு சொன்னான். சமமான எடம்னா எவ்வளவு சமம்னு கேட்டு வெச்சேன். தலைமாடு ஒசரமா இருக்கணும் எனக்கு. அத அவன்கிட்டச் சொல்லல. வசந்தாமணி ரெண்டு தலகாணி கூட எடுத்து வெச்சிருக்கா. பஸ்ஸுல தலகாணியோட ஏறுனா ஜனங்க என்ன நெனைப்பாங்கன்னேன். "பிரசவத்துக்குப் போறாங்கன்னு நெனைப்பாங்க"ன்னா. அவளுக்கும் இப்பல்லாம் என் மாதிரியே பேச்சு வருது. நல்லதுக்கான்னு தெரியல.

தலைமாடு. அங்கதான் போய் முட்டி நிக்குது எல்லா யோசனையும். பகல் கணக்கு பூராச் சரியா வருது, பஸ்ஸு, எடம், சோறு, நெருப்பு, பாட்டு, சின்னான் வூட்டு நாய்க்கு பிஸ்கோத்து. விளக்கணைச்சதும் கணக்கு ஒடைஞ்சுருது. சமமாப் படுத்தா எனக்குத் தண்ணி மேல ஏறி நெஞ்சுல நிக்கும். மொதல்ல இருமலாட்டம் வரும். அப்புறம் எழுந்து உக்காந்துக்கலாம்னு தோணும். உக்காந்தா ஜன்னலத் தொறக்கணும்னு தோணும். டென்ட்டுல ஏது ஜன்னல், ஒரு வலைத்துணி இருக்குது, ஜிப்பு இருக்குது. இருட்டுல ஜிப்பத் தேடற என் கைய நான் இப்பவே பாக்கறேன். இந்தப் பக்கம் தருணு காலத் தூக்கி என் மேல போட்டிருப்பான், அந்தக் காலு கூட கனக்கும். அந்தப் பக்கம் பிரணிதா. அவ தூங்க மாட்டா. போன மழைக்காலத்துல ஒரு விடியக்காலம் மூச்சு இழுத்துப் பக்கத்து வூட்டு ஆட்டோல என்னத் தூக்கிப் போட்டப்போ, நாலு பேரு சத்தம் போட்டுக்கிட்டு நிக்கையில அவ மட்டும் உள்ள போயி என் செருப்ப எடுத்துட்டு வந்து ஆட்டோவுக்குள்ள வெச்சா. அப்பா திரும்பி நடந்து வருவாருன்னா செருப்பு வேணும்ல. அப்ப அது எனக்குப் புரியல. ஊசி போட்டு எந்திரிச்சு உக்காந்தப்புறம் கீழ பாத்தாத்தான் செருப்பு. மலைல ஆட்டோ இல்ல. எழுவது கொண்டை ஊசி வளைவு, ராத்திரில வண்டி எறங்காது, எறங்குனாலும் ஒவ்வொரு வளைவுலயும் ஒவ்வொரு மூச்சு போகும். போனும் எடுக்காதுன்னு சின்னானே சொல்லிருக்கான், பாறை மேல ஏறி நின்னா எடுக்கும்னு. பாறை மேல யாரு ஏறுவா? அவதான் ஏறுவா. இருட்டுல, பதினொரு வயசுல, போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு.

இந்தக் கைல ஒரு எடத்துல நரம்ப ஒட்டிச் சேத்து வெச்சிருக்காங்க, ஊசி ஏத்தறதுக்கு. அந்த எடத்துல வெரல வெச்சா கிர்ருனு ஓடும், மோட்டாருல கை வெச்ச மாதிரி. மொதல்ல தருணு காத வெச்சுக் கேட்டுட்டு, "அப்பா கைக்குள்ள வண்டு இருக்குது"ன்னு தெருவெல்லாம் சொல்லி, நாலு பசங்களக் கூட்டிட்டு வந்து காட்டுனான். ஒரு பையன் அழுதுட்டே ஓடிட்டான். அந்த ஓட்டம் நின்னு போச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்னு இங்க சொல்லி அனுப்புனத நான் வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தப்போ பிரணிதா கதவுக்குப் பின்னால நின்னு கேட்டிருக்கா. அதுல இருந்து காலைல ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால பையத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்து, என் கைய எடுத்து ரெண்டு வெரல் வெப்பா. "ஓடுதுப்பா"ன்னு சொல்லிட்டுப் போவா. அவ்வளவுதான், அதுக்கு மேல பேச்சே இல்ல. மத்த புள்ளைங்க அப்பாவுக்கு டாட்டா சொல்லிட்டுப் போகும். மூலைக் கட்டில்ல இன்னைக்குப் புது ஆளு ஒருத்தரு, கண்ண மூடிக்கிட்டு சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்காரு. அங்க படுத்திருந்த தாடிக்காரரு எங்கன்னு வரும்போதே கேட்டேன். "வேற சென்டருக்கு மாத்திக்கிட்டாருண்ணா"ன்னு ரெஜினா சொல்லுச்சு. இங்க யாரும் சாகறதில்ல, எல்லாரும் வேற சென்டருக்கு மாத்திக்குவாங்க. அந்த சென்டரு எங்க இருக்குதுன்னு கேக்கக் கூடாதுங்கறது எங்களுக்குள்ள ஒரு மரியாதை. குமாரசாமியும் கேக்கல, நானும் கேக்கல. அந்த ஆளு போன வியாழக்கிழமை எனக்கு ஒரு ஐஸ்கட்டி வெச்சுக்கற ஃபிளாஸ்க்கு எந்தக் கடைல நல்லாருக்கும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் எதுக்குப் போகணும்? போக வேண்டாம்னு சொல்லிட்டாப் போச்சு. சொல்ல முடியாது. சொன்னா ரெண்டும் அழாது, அதுதான் கஷ்டம். "பரவால்லப்பா"ங்கும். இந்தப் பரவால்லப்பாவ எங்க கத்துக்கிச்சுங்களோ. கோயில் தேருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போகாதப்போ ஒரு பரவால்லப்பா. ஸ்கூல் ஆண்டு விழாவுல பிரணிதா ஆடுனது சனிக்கிழமை, நான் இங்க படுத்துக் கெடந்தேன், அதுக்கு ஒண்ணு. தருணுக்கு இன்னும் ரகரம் நாக்குல சரியாத் திரும்பாது, இந்த வார்த்தை மட்டும் சுத்தமா வருது. வயசான மனுசனாட்டம், தோளக் குலுக்கி. மலை வேணும்னு மொத மொதல்ல கேட்டதும் அவன்தான், கூடப் படிக்கற பையன் டென்ட்டுல படுத்தானாம், டார்ச்ச உள்ள இருந்து அடிச்சா டென்ட்டு பூரா பல்பாட்டம் எரியுமாம். கேட்டுட்டு அவனே, "முடியலன்னா பரவால்லப்பா"ன்னான். அந்த 'ன்னா'வுக்கு முன்னாலயே நான் சரின்னுட்டேன். சரின்னதுக்கு அப்புறம் வசந்தாமணி ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. மூணாவது நாள் தலகாணி எடுத்து வெச்சா. என்னப் பத்தி இந்தப் புள்ளைங்களுக்கு நெனப்புல நிக்கப் போறது என்ன? படுத்திருக்கிற அப்பா, வாய் வறண்ட அப்பா, அளவுப் பாட்டல். ஒரு ராத்திரி, நெருப்புக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உக்காந்து டம்ளர்ல காப்பி குடிக்கற ஒரு ஆளு அந்த நெனப்புல இருந்தாப் போதும். முன்னால பின்னால எப்படி இருந்தாலும் சரி. அதுக்குத்தான் ஆணி. இது ஒண்ணும் பெரிய பேராசை இல்லன்னுதான் நெனச்சேன், இன்னமும் நெனைக்கறேன், ஆனா எடது கெண்டைக்கால்ல என்னமோ ஆரம்பிக்குது.

யாரோ சதையப் புடிச்சுத் துணி பிழியற மாதிரி. பல்லக் கடிச்சேன். இது வரும், போகும், வெளிய சொன்னா உறிஞ்சறத நிறுத்திருவாங்க, கணக்கு கெட்டுப் போகும். இன்னும் கொஞ்சம் பொறுத்தாப் போதும். மேல ஃபேன எண்ணலாம்னு பாத்தேன், ஃபேன் ரெண்டாத் தெரிஞ்சுச்சு. கொட்டாவி வந்துச்சு, ஒண்ணு மேல ஒண்ணு. கொட்டாவி வந்தா நல்லதில்லன்னு எனக்குத் தெரியும், பிரஷர் எறங்கறதுக்கு முன்னால வர்ற கொட்டாவி அது. தெரிஞ்சுக்கிட்டே இருந்தேன், தெரியறது எங்கயோ தூரத்துல தெருவுல போற ரேடியோ மாதிரி இருந்துச்சு. குமாரசாமி, "டேய் செங்கோடா, என்றா மூஞ்சி வெளுத்துப் போச்சு?"ங்கறாரு, அப்புறம் "ஏ புள்ள, ரெஜினா!"ன்னு அவரு போட்ட சத்தம் கிணத்துக்கு மேல இருந்து வருது. நான் கிணத்துக்கு உள்ள. குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது, சொகமாத்தான் இருந்துச்சு. டென்ட்டுக்குள்ள மாதிரி வெளிச்சம், நீலத்துணி வழியா வர்ற வெளிச்சம், யாரோ வெளிய இருந்து ஜிப்ப மூடறாங்க. மூடாதேன்னு சொல்லணும். வாயத் தொறக்க வரல. கட்டிலோட கால்மாட்ட யாரோ படக்குனு தூக்குனாங்க, என் காலு ரெண்டும் மேல போச்சு, தலை கீழ. அப்பத்தான் பாக்கெட்டுல இருந்து துண்டு அவுந்து ஆணி ஒவ்வொண்ணா டைல்ஸ் தரைல விழுந்துச்சு. டங்கு. டங்கு. டங்கு. அந்தச் சத்தத்துல எனக்கு முழிப்பே வந்துருச்சு. வார்டு பூரா திரும்பிப் பாத்துச்சு, சாமி கும்பிட்ட புது ஆளு உட்பட.

"என்னண்ணா இது?" ரெஜினா கைல ஒரு ஆணி. டென்ட்டு ஆணிம்மா. "பாக்கெட்டுல எதுக்கு?" வர்ற வழில வாங்கினேன்னு ஒரு பொய். கேட்டுக்கிட்டே அது உப்புத் தண்ணியத் தொறந்து விட்டுச்சு, ட்யூப்புல சரசரன்னு எறங்குது. இவ்வளவு நேரம் எடுத்தது பூராத் திரும்பி உள்ள. ரெண்டு டம்ளர் காப்பி, நாலு டம்ளர் காப்பி, கண்ணு முன்னாலயே உள்ள போகுது, ருசி இல்லாம. அப்புறம் அது எடை மெஷினத் திரும்பிப் பாத்துச்சு. ஆணியப் பாத்துச்சு. என்னப் பாத்துச்சு. "எடை போடறப்போ இருந்துச்சா?" கேபின் கதவு தட்டுனா கிளீனர் பையன் எப்படி முழிப்பான்னு எனக்குத் தெரியும், இப்ப அந்த முழிய நான் உள்ள இருந்து பாக்கறேன். குமாரசாமிதான், "அட கிறுக்குப் பயலே, எடை போடறவனே எடைல கைய வெச்சுட்டியா"ன்னு சிரிக்கப் பாத்தாரு, சிரிப்பு பாதில நின்னு போச்சு. ரெஜினா கத்தும்னு எதிர்பாத்தேன். கத்தல. குனிஞ்சு ஆணியெல்லாம் பொறுக்கித் துண்டுல வெச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டே மெதுவாச் சொல்லுச்சு. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா நெஞ்சு நின்னிருக்கும்ணா. அப்புறம் இந்தக் கட்டிலுக்கு வேற ஆளு வருவாரு. அவரு பேரு, அவரு நரம்பு, அவரு எடை, எல்லாத்தையும் நான் மறுபடி மொதல்ல இருந்து மனப்பாடம் பண்ணணும். எனக்கு அவ்ளோ ஞாபகசக்தி இல்ல." மூக்க உறிஞ்சிட்டுப் போயி டூட்டி டாக்டரக் கூட்டிட்டு வந்துச்சு. சின்ன வயசு டாக்டரு, என்னத் திட்டலாமா வேண்டாமான்னு யோசிக்கற மூஞ்சி. "நாளைக்கு எங்கயும் போகாதீங்க. திங்கக்கிழமை காலைல ஒருக்கா வந்து காட்டுங்க. அது வரைக்கும் யாராவது கூட இருக்கணும்." மலைக்குன்னு ஆரம்பிச்சேன். "மலையா?"ன்னாரு. அந்த ஒத்தக் கேள்வில மலை எறங்கிப் போச்சு.

வீட்டுக்குச் சொல்லணும்ணா, இல்லன்னா நான் சொல்றேன்னு ரெஜினா போன எடுத்து என் வலது கைல வெச்சுச்சு. நானே சொல்லிக்கறேன். அடிக்கறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் போன நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். ரத்து பண்ணுனா பரவால்லப்பா ரெண்டு வரும். அத இன்னைக்குக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அப்ப வேற வழி ஒண்ணுதான். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. இத வசந்தாமணி லேசுல ஒத்துக்க மாட்டா. உங்கள விட்டுட்டா, எனக்கென்ன பைத்தியமாம்பா. நீங்க இல்லாம என்ன மலைம்பா. அழுதாலும் அழுவா. அதுக்கெல்லாம் பதிலு கோத்து வெச்சேன். சின்னான் பொஞ்சாதி தொணைக்கு இருப்பா. புள்ளைங்க ஏங்கிப் போயிரும். ஒரு ராத்திரிதான. இன்னும் ஒண்ணு ரெண்டு வெச்சிருந்தேன், அவ ரொம்ப அழுதா சொல்றதுக்கு. அடிச்சேன். பிரணிதாதான் எடுத்தா. "அப்பா, தீப்பெட்டி ரெண்டு எடுத்து வெச்சுட்டேன். ஒண்ணு நனைஞ்சுட்டா இன்னொண்ணு." பின்னால தருணு, "டார்ச்சு எங்கிட்டதான் இருக்கணும்னு சொல்லு, அக்கா புடுங்கறா, சொல்லு"ன்னு கத்தறான். டார்ச்சு அவன்கிட்டவே இருக்கட்டும் கண்ணு, போன அம்மாகிட்டக் குடுன்னேன். அவ உடனே குடுக்கல. "அப்பா, உன் கொரல் ஏன் இப்படி இருக்குது?" தூங்கி எந்திரிச்சேன் சாமி. "சரி"ன்னு குடுத்தா.

"சொல்லுங்க." மணி, பிரஷர் கொஞ்சம் எறங்கிருச்சு, இப்ப சரியாயிருச்சு, பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. டாக்டரு நாளைக்கு நகர வேண்டாங்கறாரு. மிக்சியோ என்னமோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, அத நிறுத்துனா. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கன்னேன். சொல்லிட்டு அவ அழறதுக்கு எடம் விட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன். "சரிங்க"ன்னா. எனக்குக் காதுல சரியா விழலையோன்னு, புள்ளைங்க ஏங்கிரும், அதுக்காகச் சொல்றேன்னேன். "சரிங்க, போயிட்டு வர்றோம். எங்க அண்ணன உங்களோட வந்து படுத்துக்கச் சொல்றேன். முந்தாநாளே ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கேன், வர்றேன்னிருக்காரு." முந்தாநாளு. நான் பட்டறைல கம்பி வளைக்க நின்னுக்கிட்டு இருந்த நாளு. கோத்து வெச்ச பதிலுல ஒண்ணுக்கும் வேலை வரல. அவ கொரல்ல அழுகை இல்ல, கோவமும் இல்ல, காய்கறிக்காரன்கிட்டப் பேசற கொரல். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஏங்க, அந்த டென்ட்ட நான் தனியா நிறுத்தணும்னா மொதல்ல கம்பியக் கோக்கணுமா, துணிய விரிக்கணுமா?"ன்னா. மொதல்ல கல்லு முள்ளப் பொறுக்கிரு, அப்புறம் கீழ்த்துணிய விரின்னேன். ம்ம்ங்கறா. கம்பி ரெண்டையும் குறுக்கால விடு, ஒண்ணு மேல ஒண்ணு வரணும், அவசரப்பட்டு வளைச்சா ஒடஞ்சு போகும். ம்ம். வாசல் காத்தப் பாத்து இருக்கக் கூடாது. காத்து எந்தப் பக்கம்னு சின்னானக் கேளு. மேல்துணி கடைசில, நாலு மூலையும் ஒண்ணாப் போல இழுத்துக் கட்டு. தொய்ஞ்சு நின்னா மழைத்தண்ணி மேல தேங்கி உள்ள சொட்டும். மழை வந்தா டென்ட்டு மேல கை வெக்க வேண்டாம்னு புள்ளைங்களுக்குச் சொல்லு, வெச்ச எடத்துல ஒழுகும். சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் பேப்பர் சத்தமோ பேனா சத்தமோ வருதான்னு பாத்தேன். வரல, மனசுலதான் வாங்கிக்கிட்டு இருக்கா. மெஷின் பக்கத்துல சீரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. காலைல பிரிக்கறப்போ எப்படி மடிக்கறதுங்கறது வரைக்கும் சொல்லி முடிச்சேன். புரிஞ்சுதா, மறுபடி ஒருக்கா சொல்லட்டுமான்னு கேட்டேன். "வேண்டாங்க, புரிஞ்சுது"ன்னா. எதையும் அவ ரெண்டாவது தடவ கேக்கல.